தொட்டிச்சாமி எழுப்பிய இறால்

மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் வீட்டில் செத்த இறால் ஒன்று உயிர்த்தெழப் போகிறது என்ற செய்தி, மின்தூக்கியைவிட வேகமாக அந்த அடுக்ககத்தில் ஏறி இறங்கியது. வாசலில் செருப்புகள் படிக்கட்டு வரை நிரம்பின. வேலைக்கு விடுப்புச் சொன்னவர்களும் உண்டு. சொந்த மாமனார் சாவுக்கே அரைநாள் மட்டும் எடுத்தவர்கள் அவர்கள்.

எழுப்பப் போகிறவர் தொட்டிச்சாமி. அழகுக்காக உப்புநீர்க் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் இறால்கள் இறந்தால், வீடு வீடாகச் சென்று எழுப்பி வருபவர். எங்கு வேண்டுமானாலும் எழுப்புவேன் என்பது அவர் வாக்கு. எழாதவையும் உண்டு, அவை குடும்பத்தாரின் நம்பிக்கைக் குறைவால் இறந்தவை. பிழைத்தால் அவர் அருள், செத்தால் உங்கள் குற்றம்: எந்த அறிவியலுக்கும் வாய்க்காத கச்சிதமான கோட்பாடு!

புதிய உயிரைப் பைத் தண்ணீரோடு சேர்த்து ஒரே முழுக்காகத் தொட்டியில் கவிழ்க்க வேண்டும் என்பது சாமியின் விதி. மருத்துவரும் தாம் வாங்கிய இறாலை அப்படியே கவிழ்த்தார். மறுநாள் மணல்மேல் வெளுத்துக் கிடந்தது ஒரு சடலம். மீசையும் கால்களும் குறையவில்லை. சாமி தொலைபேசியிலேயே காரணம் கண்டுபிடித்தார்: வீட்டுக்குப் புதிதாய் வந்த பெண்ணின் கண்.

அந்தப் பெண் மருத்துவரின் தங்கை. பிஸ்கட் தொழிற்சாலையில் எடை சரிபார்ப்பவள். வேலை மாற்றலாகி அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அன்றே அவளுக்கு வரவேற்பறை விலக்கப்பட்டது. சாமி மூன்றாம் நாள் வந்து இறாலை எழுப்புவார். எழுப்பிய கையோடு அவள் விடுதிக்குப் போய்விட வேண்டும். பெட்டியும் கட்டியாயிற்று.

"அண்ணே, ஒரு இறாலுக்காகவா என்னைத் துரத்துற?"

"துரத்தலம்மா. ரெண்டு தெரு தள்ளி இருக்கப் போற, அவ்வளவுதான்." அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பல்லைப் புடுங்க எக்ஸ்ரே கேக்குறீங்க. தங்கச்சியைப் புடுங்க ஒண்ணும் வேணாமா?" என்றாள் அண்ணி.

சாமி வந்தார். ஒரு கையில் நீண்ட இடுக்கி. மறுகையில், அடுத்த முழுக்குக்காக நட்சத்திர மீன் ஒன்று அடங்கிய பை. கூட்டத்தைப் பார்த்தபடியே தொட்டிக்குள் 'அமுது' என்று சிறு இறைச்சித் துண்டைப் போட்டுக் கறுப்புத் துணியால் மூடினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. திறந்தா பார்வை போயிடும்."

"சாமி, ஒரு சந்தேகம்." சமையலறை வாசலிலிருந்து வந்தது தங்கையின் குரல்.

"கேக்காத! கேட்டா பலிக்காது."

"சரி, கேக்கல." அவள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். காலையில் அண்ணன் குளிக்கப் போனபோது அள்ளிய சடலம் அதில் மிதந்தது. "செத்தது இதோ இருக்கு. கிண்ணத்துல இருக்கறதும் தொட்டித் தண்ணிதான். எல்லாரும் பாக்க இதுலயே எழுப்புங்க."

"தொட்டிதான் தாய்வயிறு! கிண்ணத்துல நடக்காது."

"எங்க வேணா எழுப்புவேன்னு சொன்னீங்களே சாமி, கிண்ணம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கீழ்வீட்டு வக்கீல்.

வேறு வழியில்லை. சாமி கிண்ணத்தின்மேல் கையசைத்தார், முணுமுணுத்தார், வியர்த்தார். சடலம் மரியாதையாகக் கிடந்தது. அண்ணி சத்தமில்லாமல் துணியை உருவினாள். தொட்டிக்குள் செக்கச்செவேலென ஓர் இறால் அமுதை இரு கையாலும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஐயையோ! செத்தது இங்க கெடக்கு, அங்க திங்கிறது யாரு?" என்றார் வக்கீல்.

"அது... ஆவி!"

"ஆவிக்கு இப்படியா பசிக்கும்?"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. தங்கை கிண்ணத்துச் சடலத்தை விரலால் அழுத்தினாள். உள்ளே வெறும் நீர். "இது அதோட சட்டை. வளரும்போது கழட்டிப் போட்டுட்டு, புதுசு கெட்டியாகிற வரைக்கும் ஒளிஞ்சிருக்கும். நாம கண்ணை மூடினதும் சாமி இதை இடுக்கியால எடுத்துடுவாரு. இருட்டும் தீனியும் கெடைச்சா அது தானா வெளிய வருது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அண்ணன்.

"என்னை சமையக்கட்டு வாசல்லயே நிக்க வெச்சீங்கல்ல? அங்கேருந்து பாத்தேன். பாறைக்குப் பின்னால மீசை ஆடிச்சு. நீங்கதான் கும்பிட்டுக்கிட்டே இருந்தீங்க."

"அப்ப எங்க வீட்ல நெஜமாவே செத்தது?" ஓர் அம்மாள் கேட்டார்.

"முழுக்குல செத்தது. பைத் தண்ணியோட உப்பு வேற, தொட்டி உப்பு வேற. மெதுவாப் பழக்கணும்னு இறால் வித்த கடைக்காரரே சொன்னாரு."

சாமி பையோடு கதவுப்பக்கம் நகர்ந்தார். அவள் பையை மட்டும் பறித்துக்கொண்டாள்; சாமியைத் தடுக்க யாருக்கும் ஆர்வமில்லை. நட்சத்திர மீனை அதன் நீரோடு ஒரு வாளியில் இறக்கி, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டாள். விளக்கை அணைத்தாள். அது பழகியபின் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றி, வாளி நீரைக் கொட்டிவிட வேண்டும் என்றாள்.

"அம்மாடி, அந்தப் பெட்டி..." அண்ணன் தயங்கினார்.

"நீதான கட்டுன? நீயே பிரி."

அவள் வரவேற்பறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் பயபக்தியோடு குனிந்தார். "சொட்டு விடும்போது என்ன சொல்லணும் தாயே?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கவனிச்சுப் பாத்தாப் போதும்."

அம்மாளின் முகம் சுருங்கியது. சாமி குடியிருக்கும் தெரு எது என்று இருவர் படியிறங்கும்போதே விசாரித்துக்கொண்டார்கள். இறால் தனக்குப் பற்றாத ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வளர்கிறது. அது எறிந்த ஓட்டைக் கும்பிட்டு நிற்கிறவர்கள் நாம். நம் அறிவு எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது என்று ஒருமுறையாவது எட்டிப் பாருங்களேன்!