இன்னும் இறங்காத ட்ரோன்

போன் வீல் என்று அலறியது. பல் தேய்த்துக்கொண்டிருந்த பருந்து வாய் நிறைய நுரையோடு ஓடிவந்து பார்த்தான்.

'அனுமதி மறுக்கப்பட்டது. உங்கள் ட்ரோன் ஏற்கெனவே வானில் இருக்கிறது.'

பருந்து என்பது மச்சான் வைத்த பட்டப்பெயர். விமான நிலையத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்துகொண்டு, ட்ரோனில் படம் எடுத்துப் பிழைப்பவனுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் யாரையும் கேட்காமல் பறக்கும் உரிமை நிஜப் பருந்துக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் கன்ட்ரோல் டவரிடம் அனுமதி வாங்கவேண்டும்.

குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தான். ட்ரோன் கைகளை மடக்கிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது.

நாளைக் காலை ஒரு தொழிற்சாலைக் கூரையைப் படம் எடுத்தாகவேண்டும். புயலில் பிய்ந்த கூரை. இந்த வட்டாரத்தில் பறக்க ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அனுமதி கேட்டிருந்தான். வேலையை வாங்கிக் கொடுத்தவர் மனைவியின் அண்ணனான அதே மச்சான். நாளைக்கு எடுக்காவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். மச்சான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

டவருக்குப் போன் போட்டான்.

"மேடம், என் ட்ரோன் கட்டிலுக்கு அடியில இருக்குங்க."

"அங்கே பறக்கவும் அனுமதி கிடையாது" என்றது ஈரமில்லாத ஒரு பெண் குரல்.

"ஐயோ, பறக்கலைங்க! பெட்டிக்குள்ள தூங்குது."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "போன வருஷம் மூடிக்கிடக்கிற மில் மைதானத்துல பறக்க அனுமதி வாங்கியிருக்கீங்க. மேலே ஏத்தினதும் போன் பண்ணீங்க. இறக்கினதும் பண்ணணும். பண்ணலை. எங்களைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் இறங்கலை."

பருந்துக்கு நினைவு வந்தது. அன்று மைதானத்தில் திடுதிப்பென்று மூடுபனி இறங்கியது. தலைக்கு மேலே 'ங்ஙீ' என்ற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வீட்டு வாசலில் நின்று காலிங்பெல் அடித்தான். சாவியை எங்கேயோ தொலைத்திருந்தான். நடுவில் போன் பண்ணியதாக நினைவில்லை. சொல்லப்போனால், நடுவில் எதுவுமே நினைவில்லை.

"மேடம், பேட்டரி அரை மணிகூடத் தாங்காது. வருஷக்கணக்கா எப்படிப் பறக்கும்?"

"அது உங்களுக்கும் பேட்டரிக்கும் உள்ள தகராறு."

"சரி, இப்ப இறங்கிடுச்சுன்னு போட்டுக்குங்க."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"பொய் சொல்லாதீங்க சார். ஸ்கிரீன்ல தெரியுது. மில்லுக்கு மேலே ஒரு புள்ளி. அசையாம நிக்குது. அன்னையிலேர்ந்து நிக்குது. நாங்க அதைச் சுத்தித்தான் விமானத்தை எல்லாம் விட்டுக்கிட்டிருக்கோம்."

பருந்து வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நாளைக்குப் பறக்கறீங்களா, இல்லை வழக்கம்போல படுக்கறீங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா மூஞ்சி வெளுத்துக் கிடக்கு? நம்பர் தெரியற மாதிரி ட்ரோனைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. வாயை மூடிக்குவாங்க."

அனுப்பினான். அடுத்த நொடி டவரே கூப்பிட்டது.

"சார், மேலே நிக்கறதோட நம்பரும் இதேதான். ஒரு நம்பர்ல ரெண்டு ட்ரோன் இருக்க முடியாது. ஒண்ணு போலி. எதுன்னு தெரியற வரைக்கும் உங்க லைசென்ஸை நிறுத்தி வைக்கிறோம்."

"நல்லா யோசனை சொன்னீங்க மச்சான்!"

"நான் போட்டோ எடுக்கத்தான் சொன்னேன். உங்க ராசியையும் சேர்த்தா அனுப்பச் சொன்னேன்?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "அண்ணே, அன்னிக்கு மில்லுலேர்ந்து வந்ததிலேர்ந்தே இவர் ஒரு மாதிரிதான் இருக்கார். கொறட்டையே விடறதில்லை. துணியெல்லாம் மடிச்சு வைக்கறார்."

"புருஷன் திருந்திட்டான்னு புகார் சொல்ற முதல் பொம்பளை நீதாம்மா."

"இல்லைண்ணே... பூனைகூட இவர்கிட்டப் போகமாட்டேங்குது."

அலமாரி மேலிருந்த பூனை, தன் பேச்சு வந்ததும் பருந்தின் பக்கம் திரும்பிச் சீறியது. அது என்னவோ அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்ப்பதுபோல, அவனை ஊடுருவிப் பார்த்தது.

"பூனை கிடக்கட்டும்" என்றார் மச்சான். "மாப்பிள்ளை, மேலே இருக்கறது காணாம போச்சுன்னு சொல்லிடுங்க. காணாம போனதை யாரு என்ன பண்ண முடியும்?"

பருந்துக்கு ஏனோ அதைச் சொல்ல மனமில்லை. ஆனால் நாளைக் காலையும் மச்சானும் கண்முன்னே நின்றார்கள். மறுபடி டவருக்குப் போன் போட்டுச் சொன்னான்.

குரல் முதல் முறையாகக் கனிந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! போலீஸை அனுப்பித் தேடச் சொல்றோம். கிடைச்சு இறக்கிட்டா எல்லாம் சரியாயிடும். நாளைக்கு நீங்க பறக்கலாம்."

"பார்த்தீங்களா?" மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எதுக்கும் ஒரு மச்சான் வேணும்."

சாயங்காலம் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதே நேரத்தில் போன் அலறியது.

'உங்கள் ட்ரோன் தரையிறங்கியது பதிவாகிவிட்டது. நாளைய அனுமதி வழங்கப்பட்டது.'

"ஜெயிச்சுட்டோம் மாப்பிள்ளை!" என்று மச்சான் முதுகில் ஓங்கித் தட்டினார். பருந்துக்கு வலிக்கவில்லை. மச்சான்தான், கையில் எதுவும் படாதவர்போல, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நனைந்திருந்தது.

பருந்து ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். பஞ்சுபோல் லேசாக வந்தது. திறந்தான். உள்ளே ட்ரோன் இல்லை. அது படுத்திருந்த பள்ளத்தில் பனித்துளிகள் முத்து முத்தாகக் கோத்திருந்தன.

"மச்சான்" என்று கூப்பிட்டான். மச்சான் திரும்பவில்லை.

வாசலில் போலீஸ்காரர் ஈரம் சொட்டும் ஒரு ட்ரோனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் கரகரப்பாக, பிறகு விசிலாக, கடைசியில் தகரத்தை இழுப்பதுபோல.

அந்தக் கொறட்டையைக் கேட்டதும் மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பூனை அலமாரியிலிருந்து குதித்து, பருந்தின் கால்கள் இருந்த இடத்தின் வழியாகவே நேராக ஓடி, வாலைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குள் தாவியது.

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மில் மைதானத்துலதாம்மா கிடைச்சுது. கீழே ஒருத்தர் ரிமோட்டும் கையுமா அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னாரு, இந்த வீட்டுச் சாவி வெச்சிருக்காரு... வந்து பாருங்க, உங்க வீட்டுக்காரர்தானே?"