மூன்று கோடுகளையும் தொடும் வட்டம்

தெரியாத கணக்கில் ஃபெயிலானவனுக்காவது ஒரு சமாதானம் உண்டு. முப்பத்தாறு வயதில், நன்றாகத் தெரிந்த கணக்கிலேயே ஃபெயிலானவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் வேலையையும் ஏழு வருடமாக நான்தான் பார்த்தேன். பெயரும் நாற்காலியும்தான் இல்லை. பத்தாவது பாஸ் செய்தால் அதுவும் உனக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். (ஒன்பதாவதோடு நின்றவன் நான். குடும்பக் கஷ்டமெல்லாம் இல்லை, படிப்பு ஏறவில்லை.) ஷிஃப்ட் முடிந்து ஐந்து மாதம் டுடோரியலுக்குப் போனேன். மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறினாலும் வடிவியலில் நான் ராஜா. வாத்தியாரே என் நோட்டை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவார். அந்தக் கர்வம்தான் எனக்குக் குழி பறித்தது.

கணக்குப் பரீட்சையில் முதலில் உள்வட்டத்தைத்தான் எடுத்தேன். முக்கோணத்துக்குள் ஒரு வட்டம்; மூன்று பக்கத்தையும் தொட வேண்டும். என் வட்டம் இரண்டைத் தொட்டது, மூன்றாவதை ஒரு மயிரிழை எட்டவில்லை. எங்கள் கம்பெனியில் ஷாஃப்ட் அப்படி வந்தால் ரிஜெக்டில் தூக்கிப் போடுவோம். அழித்தேன். பென்சிலைப் பிளேடால் சீவி மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை கோட்டைத் தாண்டியது. அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதும் வேறு தாள் வாங்கினேன், பிறகு இன்னொன்று.

கண்காணிப்புக்கு வந்திருந்த டீச்சர் என்னைவிடச் சின்னவர். இரண்டு முறை கடந்துபோனவர் மூன்றாவது முறை நின்றார்.

"ஏனுங்க, வட்டம் நல்லாத்தானுங்க இருக்குது. அடுத்த கணக்குக்குப் போங்க."

"ஒரு மயிரிழை எட்டலீங்க டீச்சர்."

"என்ற கண்ணுக்குத் தெரியலீங்களே."

"எனக்குத் தெரியுதுங்களே" என்றேன்.

அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். ஐந்தாவது வட்டம் மூன்று பக்கத்தையும் பிசகாமல் தொட்டது. பெருமையாக நிமிர்ந்தால், தாளைக் கட்டச் சொல்லி மணி அடிக்கிறார்கள்.

கணக்கில் மட்டும் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபரில் மறுபடி எழுதக் கிளம்பியபோது என் மனைவி வாசல்வரை வந்தாள்.

"அது மோட்டார்ல மாட்டற சாமானில்லீங்க. கோணலா இருந்தாலும் வரைஞ்சுபோட்டு வந்துருங்க" என்றாள்.

ஒரே தடவையில் வரைந்தேன். வட்டம் ஒரு பக்கம் கோட்டுக்கு வெளியே பிதுங்கி நின்றது. பார்க்கவே கூசியது, பக்கத்தைத் திருப்பிவிட்டு மற்ற கணக்குகளைப் போட்டேன். பாஸ். நாற்காலியும் வந்தது.

பிசிறுள்ள சாமானைத் திருப்பி அனுப்புவதுதான் அதில் உட்கார்ந்து நான் பார்த்த உத்தியோகம். தெரிந்தே நான் வெளியே விட்ட ஒரே மோசமான வேலை அந்த வட்டம். என்னை அங்கே உட்காரவைத்ததும் அதுதான். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. இன்றைக்கும் தோசை கோணிக்கொண்டு வந்தால், என் மகள் அதை என் தட்டில்தான் கொண்டுவந்து போடுகிறாள்.

"இது பாஸுங்கப்பா."