டயருக்குப் பூக்கட்டிப் பார்த்த விவரம்

தென்காசி,
1986, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மூத்த மாப்பிள்ளை சந்தானகிருஷ்ணன் அவர்கள் சமுகத்துக்கு, தென்காசி மாமனார் சாம்பசிவம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தை பிருஹதாம்பாளும் உங்கள் கொழுந்தியாள் அகிலாண்டமும் சுகம். காருக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. அங்கு நீங்களும் இராமலட்சுமியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை, டயரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்து மனசு கோணிவிட வேண்டாம். டயரில் ஒரு குறையும் இல்லை. பத்திரப் பதிவு ஆபீசிலேயே தலை நரைத்தவன் நான். தீர விசாரிக்காமல் ஒன்றைக் குறை என்று எழுதமாட்டேன். சங்கதி இவ்வளவுதான். ஆவணியில் அகிலாண்டத்துக்கு நிச்சயதாம்பூலம். கீழப்பாவூர்ச் சம்பந்தி வீட்டாரை நம் காரில் மரியாதையாக அழைத்து வர வேண்டும். அந்தக் காரில் ஏற அவர்கள் சம்மதிக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.

சித்திரையில் லீவில் வந்தபோது நீங்கள் கொண்டுவந்த டயரையும் வெள்ளி மாதிரி மின்னும் அலாய் வீலையும் நம் அம்பாசிடரில் மாட்டிய அன்று தெருவே வாசலில் கூடி நின்றது. டயரின் விலாவில் இருந்த எண்ணை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். முதலில் உள்ள 195 என்பது அகலம். அடுத்த 50 என்பது, டயரின் சுவர் அந்த அகலத்தில் பாதி உயரம் என்பதற்கு அடையாளம். சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் வண்டி சாயாது என்றீர்கள். உண்மை, சாயவே இல்லை. அகல டயர் குழியை அணைத்துக்கொண்டு போகும், வீலுக்கு அதுதான் பாதுகாப்பு என்றும் சொன்னீர்கள். மஸ்கட் குழிக்கு அது சரியாகத்தான் இருக்கும். நம் குற்றாலம் ரோட்டில் சாரல் விழ ஆரம்பித்தால் எது ரோடு எது குழி என்று அதைப் போட்டவருக்கே தெரியாது. பழைய வீல்களை டயரோடு, "இனி இது எதுக்கு மாமா" என்று நீங்களே ஒர்க்‌ஷாப் பரீதுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவை என்ன ஆயின என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் காரை வெளியே எடுத்தேன். சக்கரம் சிறுத்துவிட்டதால் கார் தாழ்ந்துவிட்டது. வாசலில் சாக்கடை வாறுகால் மேல் போட்டிருக்கும் கல்லில் வயிறு தட்டியது. அன்றிலிருந்து எல்லோரும் நடந்து தெருவுக்குப் போய் நின்றுகொள்வதும், நான் காலி காரை மெல்லத் தாண்டவைப்பதும், பிறகு எல்லோரும் ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. சின்னச் சக்கரம் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால் மீட்டரும் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. ஆய்க்குடி கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைகாசியில் ஒரு வீல் நெளிந்தது. பரீதிடம் கொண்டுபோய்த் தட்டிக் கொடு என்றேன். அவன் துண்டை எடுத்து அதைத் துடைத்தானே தவிர, சுத்தியலைத் தொடவில்லை. "அண்ணாச்சி, இது தட்டுத வீல் இல்ல, பாக்குத வீல். தட்டினா ஒடஞ்சிரும். பேசாம வீட்டுல நிறுத்திப் பாத்துக்கிடுங்க" என்றான். நெளிந்தபடியே மாட்டிக்கொண்டு வந்தேன். பாக்குத வீல் என்று அவன் சொன்னது சரிதான், பார்க்க இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனிக் கடைசியில் கீழப்பாவூர் சங்கரசுப்பிரமணியன் அவர்களும் அவர் சம்சாரம் உலகம்மாளும் அகிலாண்டத்தைப் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், சொஜ்ஜி சாப்பிட்டார்கள், ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறோம் என்றார்கள். நல்ல சாரல். பெண்ணைப் பெற்றவன் காரை எடுக்காமல் இருக்க முடியுமா, எடுத்தேன். பாரம் குறைந்தால் வீலுக்கு அடி குறையும் என்று, முதல் பெரிய குழி வந்ததும், "சம்பந்தி, ஒரு நிமிசம் எறங்கிக்கிடுதீகளா" என்று பணிவாகக் கேட்டேன். இறங்கினார்கள். அடுத்த குழி வந்தது. இறங்கினார்கள். அதற்கப்புறம் ஏறுவதற்குள் அடுத்த குழி வந்துவிட்டது. சம்பந்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் எப்போதுமே பேச்சுக் குறைவு. சம்பந்தியம்மாள்தான் கார் ஜன்னல் ஓரமாக நடந்துகொண்டே என்னிடம், "நாம குத்தாலத்துக்குக் கார்ல போறமா, இல்ல காரைக் குளிப்பாட்டக் கூட்டிக்கிட்டுப் போறமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இலஞ்சி திருப்பத்தில் ஒரு தேங்கின தண்ணீரைக் குட்டை என்று நினைத்தேன். அது கிணறு அளவுக்கு இருந்தது. டங் என்று ஒரு சத்தம். முன் இடது வீலில் ஒரு ஓரம் அப்பளம் மாதிரி உடைந்து கீழே கிடந்தது. டயருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதை உங்களுக்குச் சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அப்போது வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு டயர் வண்டி வந்தது. இசக்கிப்பாண்டி என்பவருடையது, இரட்டை மாடு. சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைக்கோல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் குனிந்து அந்த வண்டியின் சக்கரத்தைப் பார்த்தேன். என் பழைய வீல், என் பழைய டயர். பரீது விற்றிருக்கிறான். என் வீலை உடைத்த அதே குழியில் அந்தச் சக்கரம் இறங்கி, சுவரெல்லாம் நசுங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி ஏறிப் போனது. சம்பந்தி அன்று முதல் தடவையாக வாயைத் திறந்து, "நல்ல வண்டி. மெத்துமெத்துன்னு போவுது" என்றார். என்னுடைய டயருக்குப் பின்னாலேயே நான் குடையில்லாமல் நடந்து போனேன். சுவர் உயரமாக இருந்தால் அடியை டயர் வாங்கிக்கொள்கிறது, குட்டையாக இருந்தால் வீல் வாங்கிக்கொள்கிறது என்பது நடக்கும்போது எனக்கு நன்றாக விளங்கியது.

அருவியில் குளித்துவிட்டு அதே வண்டியில் நம் தெருவுக்குள் வந்து இறங்கினார்கள். தலைமுடியில் வைக்கோலோடு சம்பந்தி பதில் சொன்னார். "பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆவணியில நிச்சயம் வச்சிக்கிடுவோம். ஆனா காரை மட்டும் அனுப்பீராதீக. நாங்க இசக்கிப்பாண்டி வண்டியிலயே வந்துருதோம்." நான் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, வாசலில் நின்று இசக்கிப்பாண்டியிடம் தேதி பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் அகிலாண்டம் வந்து, "யப்பா, என் மாமியா வைக்கப் போர்ல வந்து எறங்கினா நான் அடுக்களைக்குள்ள போயி கதவைப் பூட்டிக்கிடுவேன். ஊரே பேசும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒரு பெண்ணை மஸ்கட்டுக்கு அனுப்பினேன், இன்னொன்றை வைக்கோல் வண்டியில் வருகிறவர்கள் வீட்டுக்கு அனுப்புவதா என்று எனக்கும் இருந்தது.

கார் இப்போது முன் இடதுபக்கம் மட்டும் டிக்கியில் கிடந்த பழைய ஸ்டெப்னியோடு நிற்கிறது. ஒரு கால் மட்டும் உயரம். எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கிறது.

வீல் உடைந்ததை மட்டும் இரண்டு வரியில் எழுதியதும் நீங்கள் பெருந்தன்மையாகப் பதில் போட்டீர்கள். அதே அகலத்தில் 70 என்று ஒரு டயர் உண்டு, சுவர் உயரம், பழைய டயர் உயரமே வந்துவிடும், ஆனால் லாரி டயர் மாதிரி அசிங்கமாக இருக்கும், 50தான் அழகு, இரண்டில் எது என்றாலும் உங்கள் இஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை "உங்கள் இஷ்டம்" என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத மாமனார் யாரும் இல்லை. போதாக்குறைக்கு இராமலட்சுமி ஓரத்தில் பொடி எழுத்தில், "அப்பா, அவுக ஆசையா வாங்கினது, பாத்து எழுதுங்க" என்று சேர்த்திருந்தாள். 70 என்றால் உங்கள் மனசு கோணும். 50 என்றால் அகிலாண்டம் கதவைப் பூட்டுவாள். எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் உங்கள் அத்தைதான், "ஆய்க்குடி முருகன்ட்ட கேட்டுருவோம். மூத்தவ கல்யாணத்துக்கும் அவன்தானே சொன்னான்" என்றாள்.

பஸ்ஸில்தான் போனோம். உங்கள் அத்தையே வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை வந்தால் 70, சிவப்பு வந்தால் 50. குருக்கள், "எந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். டயருக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், உங்கள் அத்தையைப் பார்த்தார், "நட்சத்திரம்?" என்றார். கார் வாங்கின நாள் உத்திரட்டாதி, அதைச் சொன்னேன். அர்ச்சனை நடந்தது. சந்நிதியில் வைத்த இரண்டில் ஒன்றை எடுத்துக் குருக்கள் பிரித்தார். வெள்ளை.

மாப்பிள்ளை, இதில் உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஜாதகம் வந்தபோது நான் அம்பாசமுத்திரத்து பாங்க் வரனைத்தான் மனசில் வைத்திருந்தேன். அதே சந்நிதியில், அதே மாதிரி பொட்டலத்தில், அதே வெள்ளைப் பூ வந்ததால்தான் உங்களுக்குப் பெண் கொடுத்தேன். இன்றுவரை முருகன் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை என்றுதான் ஊரில் சொல்லுகிறேன். உங்களைக் காட்டின பூ 70-ஐக் காட்டியிருக்கிறது. இது என் இஷ்டமும் இல்லை, உங்கள் இஷ்டமும் இல்லை. ஆகையால் ஆவணிக்குள் அங்கிருந்து ஊருக்கு வரும் யாரிடமாவது 70 டயரும், உடைந்ததற்குப் பதில் ஒரு வீலும் கொடுத்தனுப்ப வேண்டியது.

நீங்களும் இராமலட்சுமியும் குறைவில்லாமல் நீடூழி வாழவும், அடுத்த லீவுக்குள் மடியில் ஒரு பேரனோ பேத்தியோ தவழவும் குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்
சாம்பசிவம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் வழக்கம்போல உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முருகன் பூக்கொடுத்த இடம் வந்ததும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்திருந்ததாகச் சொன்னாள். "ஏட்டி, சாமியவே ஏமாத்திட்டியே" என்றேன். "ஏமாத்தலியே. எது வேணும்னு எனக்கே தெரியும். பொறவு அவருக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டேன். "மூத்த மருமகன்ல இருந்துதான்" என்றாள். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் தண்ணீர் குடித்த செம்பை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கொல்லையில் நீங்களே கழுவிக் கவிழ்த்து வைத்தீர்களாம். அவள் பார்த்திருக்கிறாள். பாங்க் வரன் அப்படியே வைத்துவிட்டுப் போனானாம். ஆகையால் மேலே முருகன் என்று வரும் இடங்களிலெல்லாம் உங்கள் அத்தை என்று வாசித்துக்கொள்ளவும். டயருக்குக் கட்டின பூ செல்லாது என்று நீங்கள் எழுதலாம். ஆனால் அது செல்லாது என்றால் உங்களுக்குக் கட்டின பூவும் செல்லாது. உங்கள் இஷ்டம்.