ஐந்து ஊர், ஐந்து ஓட்டல், ஒரு முழுச் சாப்பாடு

ஈரேழு பதினாலு லோகத்திலும் கோபத்தில் இணையில்லாத என் அருமை மருமகளுக்கு, உன் தாய்மாமன் உடம்பில் உயிரோடும் வயிற்றில் ஒன்றுமில்லாமலும் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, அப்பா, வேன், வேன் டிரைவர் யாவரும் நலம். அங்கே நீயும் நலமாக இருந்து, மூன்று நாளாக எடுக்காத போனை இனிமேலாவது எடுக்க வேண்டும் என்பது இம்மாமனின் முதல் விண்ணப்பம்.

உன் கோபம் நியாயமானதுதான். பெற்றவர்களின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக நீ மூன்று மாதம் கண் விழித்து, ஐந்து ஊரில் ஐந்து ஓட்டல் பொறுக்கி, ஜன்னலோர மேசையாகப் பார்த்துச் சொல்லி வைத்தாய். ராஜாக்கள் படையெடுப்புக்குக்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் வேனில் கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாய்: "மாமா, அம்மா ஒரு ஓட்டல்லயாவது உக்காந்து முழுசா சாப்பிடணும். அது உங்க பொறுப்பு." நானும் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். அதன்பின் நடந்ததைத்தான் நாலு ஓட்டல்காரர்களும் உனக்குப் புகாராக எழுதியிருக்கிறார்கள். என் தரப்பையும் கொஞ்சம் கேள்.

உன் அப்பா, அதாவது என் அத்தான், ஓட்டல்களைச் சோதனை போடும் சுகாதார ஆய்வாளராக முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, மூக்கு ஓயவில்லை. கல்யாணமான மறுவாரம் அக்காவைச் சாப்பிட அழைத்துப் போனவர், அன்றைக்கே அந்த ஓட்டலை மூடி முத்திரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுடுசோறு கேட்டாராம். அன்று தொடங்கியது. நாற்பது வருஷமாக உன் அம்மா வெளியிடத்தில் முதல் வாய்க்கு மேல் போனதில்லை.

முதல் ஊரில் கடல் தெரியும் கண்ணாடி ஓட்டல். நாங்கள் உட்கார்ந்தோம், அத்தான் உட்காரவில்லை. எந்த ஓட்டலானாலும் முதலில் கழிவறையையும் அப்புறம் சமையலறையையும் பார்த்தபிறகுதான் நாற்காலியைத் தொடுவார், அது அவர் எழுதிக்கொண்ட சட்டம். இருபது நிமிஷம் கழித்துத் தூக்குத்தண்டனை வாசிக்கிற நீதிபதி முகத்தோடு வந்து "எந்திரி" என்றார். அக்காவின் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டாவது ஊரில் அத்தான் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் விட்டார். நாலு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. தலைமைச் சமையல்காரர் அழுத அழுகையில் இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும். மூன்றாவது ஊரில் கழிவறை தேறியது, சமையலறை தேறியது, குளிர்பெட்டியும் தேறியது, எனக்கு ஆனந்தத்தில் மயக்கமே வந்தது. அந்நேரம் பார்த்து, பரிமாறுகிற புண்ணியவான் தோளில் கிடந்த துண்டால் அக்காவின் தட்டைப் பாசமாக ஒரு துடை துடைத்தான். முடிந்தது.

நாலாவது ஊரில் உன் மாமன் மூளையைப் பயன்படுத்தினான். இந்த ஓட்டலுக்குச் சமையலறை பக்கத்துத் தெருவில் இருக்கிறது, இங்கே கொண்டுவந்து பரிமாறுவதோடு சரி என்று அத்தானிடம் ஒரு சின்னப் பொய் சொன்னேன். மனிதர் பக்கத்துத் தெருவுக்கே கிளம்பிவிட்டார். அங்கே வீடு வீடாகக் கதவைத் தட்டி, இந்த ஓட்டலின் சமையலறை எது என்று விசாரித்திருக்கிறார். அந்தச் செய்தி அவருக்கு முன்னால் ஓட்டல் முதலாளிக்கு வந்து சேர்ந்தது. சோதனை வந்துவிட்டது என்று பயந்த முதலாளி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அறுபது பேரையும் கையும் வாயுமாக வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்துவிட்டார். அந்த அறுபது பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகாதது உன் அதிர்ஷ்டம். நாலு ராத்திரியும் வேனுக்குள்தான் விருந்து. தோல் உரித்துத் தின்கிற பழமும் உறை பிரிக்காத பிஸ்கட்டும் மட்டுமே அத்தான் அனுமதித்த பதார்த்தங்கள். டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், இது கல்யாண நாளா, விரதமா?" என்று கேட்டார்.

நேற்றுதான் அந்த நன்னாள், ஐந்தாவது ஊர். சமையலறை முழுக்கக் கண்ணாடிச் சுவருக்குள் தெரிகிற ஓட்டலாக நீ பார்த்திருந்தாய், கெட்டிக்காரி. வேன் நிற்பதற்குள் அத்தான் இறங்கி உள்ளே போய்விட்டார். வழக்கமாக எங்கள் பின்னால் தயங்கித் தயங்கி வருகிற அக்கா நேற்று தயங்கவில்லை. நேராகப் போய் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, சூப்பு, மீன், கடைசியில் கேக்கு என்று யாரையும் கேட்காமல் சொன்னாள். சூப்பு வந்தது. அத்தானும் வந்தார். காய் நறுக்குகிற பலகையில் மீன் நறுக்குகிறார்கள், எந்திரி என்றார்.

அக்கா தன் கைப்பையை எடுத்து எதிர் நாற்காலியில் வைத்தாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் சாப்பிட்டுட்டு வரேன்."

மருமகளே, முப்பத்தைந்து வருஷத்தில் எந்த ஓட்டல் முதலாளியும் அத்தானுக்கு இப்படி ஒரு பதில் கொடுத்ததில்லை. மனிதர் வெளியே வந்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நடைபாதையில் நின்றார். அவருக்குத் துணையாக நான். எனக்குத் துணையாக டிரைவர். உள்ளே அக்கா ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டாள். அது சாப்பாடா, பட்டாபிஷேகம். சூப்பில் எழுந்த ஆவியில் கண்ணாடியே மறைந்தது. அந்த மீனைப் பார்த்து டிரைவர் இரண்டு முறை எச்சில் விழுங்கினார், நான் எண்ணிக்கை விட்டுவிட்டேன். கேக்கு வந்தபோது அத்தான் மெதுவாக உள்ளே போய் மேசையருகே நின்றார். அக்கா நிமிராமல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். ஒரு வெந்நீர் மட்டும் கேட்டார். அது வந்ததும், அக்காவின் கேக்குக் கரண்டியை வாங்கி அதில் முக்கித் துடைத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே, தட்டில் துளி மிச்சமில்லாமல் உன் அம்மா சாப்பிட்டாள், மாமன் வாக்கு நிறைவேறியது. உலகத்திலேயே உயர்ந்த ஓட்டலை நீ தேர்ந்தெடுத்தாய் என்று இதன்மூலம் பிரகடனம் செய்கிறேன். சகல சௌபாக்கியங்களோடும், கொஞ்சம் குறைந்த கோபத்தோடும் நீ நீடூழி வாழ்க. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், குழந்தைக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
பட்டினியிலும் பெருமிதம் குன்றாத
உன் மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். உயர்ந்த ஓட்டல் என்ற வரியை அடிக்கச் சொல்கிறாள். வேறு தாள் இல்லை, நீயே அடித்துக்கொள். சூப்பில் உப்பே இல்லையாம், மீன் நடுவில் வேகவே இல்லையாம், கேக்கு முந்தாநாள் கேக்காம். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே. அப்புறம் எதுக்குக்கா தட்டை வழிச்சு வழிச்சு சாப்பிட்டே என்று கேட்டேன்.

"அவர் பாத்துக்கிட்டே இருந்தாரேடா" என்றாள்.