ஒரு வெற்றிலை, இரண்டு பெருக்கிகள்

பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்களிடம் விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் கேட்பதில்லை. காரணம், என் வாய்மொழித் தேர்வு.

சோழவந்தான் வெற்றிலைதான் என் ஆய்வு. வெற்றிலை விற்றவர் கைக்கு வரும் ஒரு ரூபாய் மளிகைக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து லாரிக்காரருக்கு, அவரிடமிருந்து டீக்கடைக்கு. இப்படிச் சுற்றிச் சுற்றி அது மொத்தம் எத்தனை ரூபாய் வருமானமாகிறது என்பதுதான் வருமானப் பெருக்கி. எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று பெரிய உள்ளீடு-வெளியீடு அட்டவணை போட்டு, குடும்பங்களையும் ஒரு துறையாகச் சேர்த்து, அதைக் கண்டுபிடித்தேன். விடை கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. பாடப்புத்தகத்திலிருந்து நுகர்வுப் பெருக்கி என்று இன்னொன்றை எடுத்து அதன்மேல் பெருக்கிவிட்டேன். (வழிகாட்டிக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும், அவர் படித்திருந்தால்.)

இந்தத் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதை வீட்டில் சொன்னது என் மடத்தனம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் சித்தப்பா வேன் பிடித்து மொத்தச் சொந்தத்தையும் ஏற்றி வந்தார். வாசலில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்ட பிளக்ஸ் வேறு. தல்லாகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அன்று தேறிவிட்டால் திங்கட்கிழமை சேர வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, குடும்பங்க செலவு பண்றது உங்க டேபிள்லயே வந்துருச்சே. அப்புறம் எதுக்கு மறுபடியும் பெருக்குனீங்க?"

"வலுவா இருக்கட்டும்னு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கணக்குப்படி, மதுரை ஜில்லாவுக்குச் சோழவந்தான் வெத்தலை ஒண்ணே போதும். வேற யாரும் வேலைக்கே போக வேணாம்."

பின்வரிசையில் பலத்த கைதட்டல். தேர்வாளர் சொன்னதைச் சித்தப்பா பாராட்டு என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் விஷயத்தைச் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"சார், புள்ள கூடத்தான சொல்லிருக்கு? கொறச்சுச் சொன்னாக் கேளுங்க! எங்க ஊரப் பத்தி அம்புட்டு ஒசத்தியாச் சொன்னா உங்களுக்கு என்ன சார் வலிக்குது?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருத்தி எழுத ஆறு மாதம் கொடுத்தார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லிவைத்திருந்த மதிய பிரியாணியில் சரிபாதி மிஞ்சியது. (வேனில் வருபவர்களை ஒரு முறையும், அவர்களையே வீடுவாரியாக இன்னொரு முறையும் எண்ணி ஆர்டர் கொடுத்திருந்தேன்.) ஊர் திரும்பும்வரை வேனில் அழுதுகொண்டே வந்தேன். சித்தப்பா பிளக்ஸை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"விடுத்தா, ஆறு மாசங் கழிச்சு இதையே கட்டிக்கலாம்."

சொன்னபடி அதையேதான் கட்டினார்.

போன மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. சமையல்காரர் எத்தனை பேருக்கு என்று கேட்டதும், நான் முந்திக்கொண்டு "இருநூறுண்ணே" என்றேன்.

உள்ளேயிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்: "டாக்டரு சொன்னா அதுல பாதிதாண்ணே. நூறு போடுங்க."

இருநூறு பேரும் வந்தார்கள். கடைசிப் பந்திக்குப் பரோட்டா வாங்க ஆள் ஓடியது. சித்தப்பா முறைத்தது என்னைத்தான்.

"ஏத்தா, இந்தத் தடவ சரியா எண்ணிருக்கேன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"