கல்லில் ஒரு கரும்புள்ளி

திரையில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததுமே ஆராய்ச்சிக்காரி டெக்னீஷியனைக் கூப்பிட்டாள்.

நுண்ணோக்கிக்குள் இருந்தது பட்டாணி அளவுக் கல். உள்ளே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நகரவிடாமல் நெரிசலில் நிற்பதால் மின்சாரம் பாயாது. அது வெறும் கல்லா, எலக்ட்ரான் அலைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும் அபூர்வக் கல்லா என்று இன்றைக்குள் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணோக்கி பக்கத்து அறைக்காரர்களுக்குப் போய்விடும். போதாக்குறைக்குத் தலைவர் வரும் நேரம். கழற்றிப் போடும் செருப்பையும் துடைத்துவிட்டுப் போடச் சொல்கிற அவருக்கு ஆய்வகத்தில் 'சுத்தம் சார்' என்றுதான் பெயர்.

"அழுக்கும்மா," என்றார் டெக்னீஷியன். "கொஞ்சம் சூடு காட்டிப் பாருங்க."

காட்டினாள். புள்ளி குடும்பமாகிவிட்டது.

"அண்ணே, ஊசியால ஓரமா ஒதுக்கிடறேன்."

ஒதுக்கினாள். கல் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆனது.

"உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க."

"சூடு மட்டுந்தான் நான் சொன்னது. ஊசி உங்க சொந்த யோசனை."

கதவு திறந்தது. அவள் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நகரும்மா," என்றார் சுத்தம் சார்.

"முதல்ல டீ குடிக்கிறீங்களா சார்?"

"இந்த ரூம்லயா?"

நகர்ந்தாள். அவர் ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தாள். கை சும்மா இருக்காமல் நுண்ணோக்கியின் மின்னழுத்தக் குமிழைத் திருகியது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பளிச்சென்று ஒரு வளையம் எழுந்தது.

"சார், ஒரு நிமிஷம் திட்டாதீங்க."

"என்ன?"

"வெறும் கல்லுல இப்படி வளையம் வராது. முறுக்குள்ள கல்லு தன் குணத்தை ஓரத்துலதான் காட்டும். இந்த அழுக்கு ஒவ்வொண்ணும் கல்லுக்கு நடுவுலயே ஒரு ஓரத்தை உண்டாக்கிடுச்சு. அதான் காட்டிக் குடுக்குது."

அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பிறகு, யாரும் கண்டிராத விதமாக, தரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இத்தனை வருஷமா இதைத்தான் துடைச்சுத் துடைச்சு எறிஞ்சோமா? மெஷின் இனி எங்கேயும் போகாது. இந்த அழுக்கை வெச்ச கை யாரோடதுன்னு தெரிஞ்சா தங்கக் காப்பே போடலாம்."

அவளும் சிரித்தாள். டெக்னீஷியன் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"அப்போ நேத்து நீங்க கைகூடக் கழுவாம அந்தக் கல்லைத் தடவிப் பார்த்ததை இவங்ககிட்ட இப்போ சொல்லலாமா சார்?"