சாய்ப்பு ஒழுகுகிறது, வர வேண்டாம்

பீடோர்ப் பக்கத்துத் தோட்டம்,
ஐப்பசி 1926

கோலா கங்சாரில் வாழும் மகா கனம் பொருந்திய மாமா ஐயாவு அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் அப்பாவு கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இவ்விடம் தங்கள் மகள் முத்தம்மாவும் பிள்ளைகளும் நானும் மழை விட்ட நேரங்களில் சுகம். தங்கள் சுகத்துக்கு முருகன் துணை.

தீபாவளிக்கு வந்து பொங்கல் வரை தங்கப்போவதாகத் தாங்கள் எழுதியதைப் படித்து ஆனந்தம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டேன். தாங்கள் சௌகரியமாகப் படுக்கவேண்டும் என்றுதான் வீட்டுச் சுவரோடு சேர்த்து ஓடு வேய்ந்து ஒரு சாய்ப்பு இறக்கினேன். போன முறை தங்கள் குறட்டைக்குக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து நாய்களெல்லாம் ஊளையிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மாமா, ஓடும் நல்ல ஓடு, சுவரும் நல்ல சுவர், இரண்டும் சேருகிற இடம்தான் மாமியார் மருமகள் மாதிரி சேரமாட்டேன் என்கிறது. சுவரில் வழிகிற மழையெல்லாம் அந்த இடுக்கில் இறங்கித் தங்கள் கட்டிலின் தலைமாட்டில் விழுகிறது. கட்டிலை நகர்த்தினேன், ஒழுக்கும் கூடவே நகர்ந்தது. முத்தம்மா இடுப்பில் கைவைத்து நின்று, "எங்கப்பா தலையில ஒரு சொட்டு விழட்டும், நானும் அவர்கூடவே கோலா கங்சாருக்குப் போயிடுவேன், நீங்களே கஞ்சி காச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள் என்பது பெற்றவருக்குத் தெரியாததா?

ஆகவே தாங்கள் போன முறை சொன்ன யோசனைப்படியே சுண்ணாம்பில் கருப்பட்டி கரைத்துப் பூசினேன். நல்ல யோசனை, தோட்டத்து எறும்பெல்லாம் தங்களை வாழ்த்தின. அடுத்த மழையில் பூச்சு கரைந்து, ஒழுக்கு இனிப்பாக ஒழுகியது. அப்புறம் கங்காணி ராமையா வந்து, "கிராணி ஐயா, கித்தாப் பால ஊத்துங்க லா, காஞ்சா பொட்டுத் தண்ணி எறங்காது" என்றான். நான் கணக்கெழுதும் ஸ்டோரில் மிஞ்சிய ரப்பர்ப் பாலை வாளியில் கொண்டுவந்து ஊற்றினேன். அது காயுறதுக்குள்ள நம்ம வீட்டுக் கோழி கூரையில குதிச்சு ரெண்டு காலையும் அதுல வச்சுட்டுது மாமா. அது கத்த, முத்தம்மா கத்த, நான் மேலே ஏறி இழுக்க, கோழி வந்துட்டுது, என் வேட்டி மாட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் இழுத்தா ஓடு வருது, அந்தப் பக்கம் இழுத்தா நான் வாரேன். அந்த நேரம் பார்த்தா துரை குதிரையில வரணும்! "கிராணி, அது யாரு பால்?" என்று தமிழிலேயே கேட்டார். "மழையில தானா ஒழுகி வந்ததுங்க துரை" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, மரியாதைக்கு எழுந்து நின்றேன். வேட்டி எழவில்லை. துரை குதிரையைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷன். வேட்டி இன்னமும் அந்த இடுக்கை மூடிக்கொண்டு கூரையோடு ஒட்டிக் கிடக்கிறது, பிய்க்கவும் வரவில்லை, நாற்றமும் போகவில்லை.

இந்த லட்சணத்தில் தாங்கள் வந்து நனைந்தால் என் குடும்பமே போய்விடும். மழையெல்லாம் தீர்ந்து மாசியில் வந்தால் போதும், அப்போதும் வராவிட்டால் நான் மனம் கோணமாட்டேன். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறுசுகளுக்கு என் ஆசியையும் தாங்களே பங்கிட்டுக் கொடுக்கவும்.

தங்கள் பாதம் பணியும்
அப்பாவு

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேலே எழுதியதெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். சாய்ப்பில் ஒரு சொட்டு இல்லை. வேட்டி தடுத்த தண்ணீரெல்லாம் போக வழியில்லாமல் சுவருக்குள் புகுந்து எங்கள் படுக்கையறையில் ஊற்றுகிறது. முத்தம்மா பாயையும் பிள்ளைகளையும் கோழியையும் அள்ளிக்கொண்டு சாய்ப்புக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள். "அப்பாவ உடனே வரச் சொல்லுங்க, இங்க அவருக்கும் எடம் இருக்கு" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். எனக்கு இருக்கிறதா என்று கேட்டேன், இன்னொரு தாழையும் போட்டாள். தங்கள் குறட்டையை இனி அவளே கேட்டுக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தில் மை கலங்கியிருப்பது கண்ணீர் அல்ல. வரும்போது ஒரு குடையும் ஒரு வேட்டியும் கொண்டு வரவும், இரண்டும் எனக்குத்தான்.